பென்சிலில் நின்ற பெயர்

"பாசிக்கு நீ பேரு வச்சா, கூப்புட்டா அது திரும்பிப் பாக்குமா?"

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி. பூதலூரில் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றுதான் எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில், கடலோர மரங்களில் வளரும் லைக்கன்களைச் சேகரித்து வகைப்படுத்தும் திட்டத்தில் உதவியாளர். லைக்கன் என்றால் என்ன என்று மாமா கேட்டார். பிரியாணியில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்று சொன்னது என் தப்பு. "அப்ப நீ கல்பாசி பொறுக்கத்தான் எம்.எஸ்சி. படிச்சியா?" என்று ஆரம்பித்தவர், பேர் வைப்பதில் வந்து நின்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"திரும்பாது மாமா. நீங்க கூப்புட்டா ஒங்க அரபி திரும்புறானா?" என்றேன்.

அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள்.  அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஊரில் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதை நான் மறுத்ததில்லை.

இப்போது அந்தத் தாவரவியல் துறையே இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டார்கள். எங்கள் கடைசி வகுப்பில் பெஞ்சு ஒன்றுக்கு ஒரு பெண்ணாக உட்கார்ந்தாலும் பெஞ்சு மிஞ்சியது. உலர்ந்த செடிகளும் லைக்கன் பொட்டலங்களும் இருந்த அறையில் குளிர்சாதனம் வைத்து, கம்ப்யூட்டர் போடுகிறார்கள். எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று அதில் எழுதவில்லை. நரைமுடி ஒன்றுகூட இல்லாத ஒருத்திக்குச் சால்வை போர்த்தும்போது நிர்வாகத்துக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கடைசி வகுப்பு மாணவிகள், துறை மலர் ஒன்று போடுகிறோம், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டார்கள். சந்தோஷமாக எதையாவது எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு நான் உறுதி தரவில்லை.

முதலில் ரொசெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லைக்கன் என்பது ஒரே உயிர் இல்லை. பூஞ்சை ஒன்று, பாசி ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வது. பூஞ்சை வீடு கட்டும். பாசி உள்ளே இருந்து வெயிலைப் பிடித்துச் சமைக்கும். ஆனால் விஞ்ஞானத்தில் பெயர் பூஞ்சைக்கு வைப்பதுதான். சமைக்கிற பாசிக்கு அதில் பங்கு இல்லை. இதைப் படித்த அன்றே எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

ரொசெல்லா ஒரு பேரினம். உப்புக்காற்று படுகிற இடத்தில் மட்டும் வளரும். கடலைப் பார்த்த பக்கத்து மரப்பட்டையில், வெளுத்த சாம்பல் நிறத்தில், தட்டையான நார்களாக, ஆட்டுத்தாடி போலத் தொங்கும். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் காணாது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஒரு சொட்டு அதன் மேல் வைத்தால், பட்ட இடம் ரத்தம் போலச் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும். அது முதல் அடையாளம். ஒரு பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்று பிரிப்பதுதான் கஷ்டம். நம் கரையில் சாதாரணமாகக் கிடைக்கிற ரொசெல்லா, நாரின் ஓரங்களில் மாவு மாவாக உதிரும். அந்த மாவே காற்றில் போய் அடுத்த மரத்தில் ஒட்டி வளர்ந்துகொள்ளும். இன்னொரு வழி, பட்டன் வைப்பது. நாரின் மேல் சின்னச் சின்னக் கறுப்புப் பட்டன்கள். அவற்றுக்குள் பூஞ்சையின் விதை போன்ற ஸ்போர்கள் முதிரும். அந்த ஸ்போரின் வடிவம், நீளம், உள்ளே எத்தனை அறை என்பதை வைத்துத்தான் இது இன்னது என்று முடிவு செய்ய முடியும். பட்டன் முதிராவிட்டால் பெயர் இல்லை.

எங்கள் திட்டத்தின் தலைவர் பேராசிரியர் எனக்கு எதையும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. ஒல்லியான மனிதர், மூச்சிரைப்பு உண்டு. பையில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பா. ஆனால் அதில் பிளேடுகள்தான் இருக்கும். நான் செய்ததைப் பார்ப்பார். சரியாக இருந்தால் நகர்ந்துவிடுவார். தப்பாக இருந்தால் அங்கேயே நிற்பார், வாயைத் திறக்காமல். என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த மூச்சுச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் வருடம் முழுவதும் எனக்கு அந்தச் சத்தம்தான் பாடம்.

அவருக்குச் சில விதிகள் உண்டு. ஒரு மரத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பொட்டலத்தைப் பழைய செய்தித்தாளில் மடித்து, வெளியே இடம், மரம், மரத்தின் எந்தப் பக்கம் என்பதை மையில் எழுத வேண்டும். பெயரை மட்டும் பென்சிலில் எழுத வேண்டும். ஸ்போரை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேர் வரைந்ததும் ஒத்துப்போனால்தான் பெயர் மைக்கு மாறும். "ஒருத்தர் பாத்தது, பாத்ததே இல்ல" என்பார். அவரே பார்த்து வரைந்து, நான் பார்க்க நேரமில்லாமல் போனதால் பென்சிலிலேயே தங்கிப்போன பொட்டலங்கள் உண்டு. அதில் மட்டும் அவர் யாருக்கும் சலுகை காட்டவில்லை, தனக்கும்.

வெட்டுகிற முறையையும் சொல்ல வேண்டும். பட்டன் கடுகில் பாதி இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கேரட் துண்டின் நடுவில் கீறி, அந்தக் கீறலில் செருகி, கேரட்டோடு சேர்த்துப் பிளேடால் சீவ வேண்டும். பிளேடை இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. வெங்காயத் தோலைவிட மெல்லியதாக வர வேண்டும். இருபது சீவினால் ஒன்று தேறும். தேறியதை மயிர்த்தூரிகையால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே சின்னக் கண்ணாடி மூடி போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எனக்கு இது சீக்கிரம் கைவந்தது. சின்ன வயதில் இருந்தே வீட்டில் மீன் அறுத்தவள் நான். இதைக் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை.

இனி ஜுலைகா ராத்தா வீட்டுப் பூவரசுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்.

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். தஞ்சாவூரில் பஸ் ஏறி, மன்னார்குடியில் மாறி, கடைசியில் உப்புத்தண்ணீர் வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டும். ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். ஜுலைகா ராத்தாவின் கணவர் சவூதியில். வீட்டையும் கொல்லையையும் ராத்தாதான் பார்த்துக்கொண்டார். வாய்க்கால் கரையில் வேலியாக அவருடைய காலஞ்சென்ற மாமனார் வைத்த பூவரசு மரங்கள் வரிசையாக நின்றன. கடைசி இரண்டு மரங்களில்தான் அது இருந்தது.

முதலில் பார்த்தது நான். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. நாரின் ஓரத்தில் மாவே இல்லை. விரலால் தடவினேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நாரெல்லாம் பட்டன். பழுப்பாக, இன்னும் திறக்காமல், வரிசை வரிசையாக. இந்தப் பக்கத்துக் கரையில் மாவில்லாத ரொசெல்லாவை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். மூச்சுச் சத்தம் நின்றுபோனது. பிறகு, "கொஞ்சமா எடு" என்றார்.

ராத்தா எங்களுக்கு டீயும் நான்கட்டாய் பிஸ்கட்டும் தட்டில் கொண்டுவந்து வைத்தார். மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க மாமா வச்ச மரம் தங்கச்சி. அவங்க மவுத்தாகி இத்தன வருசம், இன்னம் நெழல் குடுக்குது. என்னா இது, மரத்துக்கு நோவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் பதில் சொல்லிவிட்டார். வழக்கமாக அவர் இதற்கு நேரம் எடுத்துக்கொள்வார். எந்தக் கிராமத்திலும் யார் கேட்டாலும் உட்கார்ந்து, பூஞ்சை பாசி எல்லாம் சொல்லி, லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அன்று வெயில். நெடுந்தூரம் நடந்திருந்தோம். அவருக்கு இரைத்தது.

"நோவு மாதிரின்னு வச்சுக்குங்களேன்" என்று சிரித்தார். "இந்த ரெண்டு மரத்தையும் நல்லாப் பாத்துக்குங்க. மழைக்கப்புறம் தையில திரும்ப வர்றோம்."

"பாத்துக்குறேங்க. ஆபீசர் சொன்னா செய்யாமயா" என்றார் ராத்தா.

நானும் தலையாட்டினேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒன்றைக் கெடாமல் வைத்திருக்கச் சொல்ல நம்மிடம் இருக்கிற சொல் அதுதான். பிள்ளையைப் பாத்துக்குங்க, பையைப் பாத்துக்குங்க, பயிரைப் பாத்துக்குங்க.

தஞ்சாவூரில் அந்தப் பட்டன்களை வெட்டினேன். எல்லாம் பிஞ்சு. உள்ளே ஸ்போர் எதுவும் உருவாகியிருக்கவில்லை. பொட்டலத்தில் 'ரொசெல்லா' என்று மட்டும் பென்சிலில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் சிற்றினத்தின் பெயருக்கு இடம் விட்டேன்.

அந்த இடத்தை நான் எத்தனை முறை மனதுக்குள் நிரப்பினேன் என்று எனக்கே தெரியாது. புதுச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் வைத்தவரின் பெயரையும் எழுதுவார்கள். உலகத்தில் எங்கே யார் எழுதினாலும் அப்படித்தான். பேராசிரியர் ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீதான பாத்த. ஒன் பேரு முன்னால வரும், என் பேரு பின்னால" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயங்காலம் பூதலூர் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பளப் பட்டியலில் கட்டைவிரல் வைப்பார். அவருடைய பெயரின் முதல் எழுத்துதான் என் இனிஷியல். அது லத்தீன் பெயர் ஒன்றுக்குப் பின்னால் அச்சில் நிற்கப்போகிறது. கல்பாசி பொறுக்கவா படித்தாய் என்று கேட்ட மாமாவுக்கு அந்தப் பக்கத்தை மஸ்கட்டுக்கே அனுப்புவது என்று முடிவு செய்திருந்தேன். தபால் செலவைப் பற்றிக்கூட யோசித்து வைத்தேன்.

மழை நன்றாகப் பெய்தது. கதிர் முற்றி, எங்கள் பக்கமெல்லாம் அறுப்பு தொடங்கியது. தை பிறந்ததும் கிளம்பினோம்.

வாய்க்கால் திருப்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மரங்கள் பளிச்சென்று தெரிந்தன.

வரிசையில் இருந்த அத்தனை பூவரசுக்கும், அடியிலிருந்து முதல் கவட்டை வரைக்கும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு முடிகிற இடத்தில் கோடு போட்டதுபோல ஒரு சாண் அகலத்துக்குக் காவி. கடைசி இரண்டு மரத்துக்கும் கவட்டைக்கு மேலேயும் ஏணி வைத்துப் பூசியிருந்தது. கல்யாண வீட்டு முகப்பு போல இருந்தன. கீழ்க் கிளைகள் இல்லை. வெட்டிய இடத்திலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க! தை பொறந்ததும் வருவீங்கன்னு தெரியும். பாருங்க தங்கச்சி, எப்புடி இருக்குதுன்னு! ஆள வச்சு, தேங்கா மட்டையால தேச்சு, அந்த நோவு ஒண்ணுகூட விடாம எடுத்துட்டோம். எங்க ஊட்டுக்கு வெள்ளையடிக்கக் கரைச்ச சுண்ணாம்பு, அதையே பூசச் சொன்னேன். ஆபீசரு வர்றாங்கன்னு காவிக்கோடும் போட்டாச்சு."

"கிளை?" என்றேன்.

"அதுலதான நோவு ஜாஸ்தி. வெட்டிக் காய வச்சு நெல்லு அவிக்கப் போட்டுட்டோம். சாம்பலக்கூட வாய்க்கால்ல கொட்டிட்டேன், மத்த மரத்துக்கு ஒட்டக்கூடாதுல்ல?"

நான் பேராசிரியரைப் பார்த்தேன். இவரே சொல்லட்டும் என்று நினைத்தேன். நோவு என்று சொன்னது இவர்தானே. அவர் மரத்தடிக்குப் போனார். சுண்ணாம்பின் மேல் கையை வைத்தார். உள்ளங்கை வெளுத்தது. திரும்பி, "நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா. ரொம்ப நன்றி" என்றார்.

ராத்தா பூரித்துப்போனார். "ஒக்காருங்க, டீ போடுறேன். இன்னிக்கு சோறு தின்னுட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்" என்று உள்ளே ஓடினார்.

"ஏன் சார் சொல்லல?" என்றேன். 

"சொன்னா திரும்ப மொளைக்குமா?"

"அவங்களுக்குத் தெரியணும்ல சார்."

"என்ன தெரியணும்? நான் சொன்ன வார்த்தைய அந்தம்மா அப்புடியே செஞ்சிருக்கு." கையிலிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "டீய மிச்சம் வைக்காம குடி."

ராத்தா அடுப்படியில் இருந்த நேரத்தில், பேனா மூடியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு கொல்லைக் குப்பையைக் கிளறினேன். சேலை முழங்கால் வரை ஈரம். தேங்காய் மட்டைத் தும்பு, மீன் செதிள், கறிவேப்பிலைக் காம்பு, சுண்ணாம்புக் கட்டி. அதில் ஒட்டிக்கொண்டு, விரல்கடை நீளத்துக்கு நார்கள் கொஞ்சம் கிடைத்தன. மேலெல்லாம் சுண்ணாம்பு. ஆனால் பட்டன்கள் இருந்தன. கறுத்து, திறந்து, முதிர்ந்து. ராத்தா எட்டிப் பார்த்து, "ஒரு மூடிக்கா இம்புட்டுத் தேடுற? நான் வேற பேனா தர்றேன் வா. அவங்க சவூதிலேருந்து கொண்டாந்தது" என்றார். நார்களை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

அன்று அங்கே மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டோம்.  கிளம்பும்போது அந்தப் பேனாவையும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் வெட்ட உட்கார்ந்தேன். சுண்ணாம்பு காரம். பூஞ்சையின் மெல்லிய சுவர்களை அது தின்றுவிடும். ஊறவைத்ததும் பட்டன்கள் வெண்ணெய் போலக் குழைந்தன. கேரட்டில் செருகினால் நசுங்கின. வெட்டு ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புப் படிகம்தான் கண்ணாடித்தூள் போல மின்னியது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தேன். மிச்சம் ஒரு பட்டன் இருந்தபோது கையை நீட்டி மடக்கி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து வெட்டினேன்.

அதில் ஒன்றைப் பார்த்தேன். நிறமில்லாத, லேசாக வளைந்த ஒரு ஸ்போர். நான்கு அறை. ரொசெல்லாவில் அறை நான்குதான் இருக்கும். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நீளம். மைக்ராஸ்கோப் கண்ணாடியில் உள்ள அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கரையில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. திரும்பவும் அளந்தேன். வரைந்தேன். பிறகுதான் எழுந்து, "சார்" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திருகை மெல்ல ஏற்றினார், இறக்கினார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் பார்த்தார். நான் என் படத்தை அவருக்குக் காட்டாமல் கவிழ்த்து வைத்திருந்தேன், அது விதி.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நடுவுல சார். படிகத்துக்கு இடது கைப் பக்கம்."

தகட்டை நகர்த்தினார். மூடியின் ஓரத்தில் தண்ணீர் வற்றிக் காற்றுக்குமிழ் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு சொட்டு விட்டேன். அந்தச் சொட்டு உள்ளே ஓடியதில் எல்லாமே மிதந்தது. அவர் விடாமல் தேடினார். நானும் தேடினேன். மாறி மாறி உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் அவர் நிமிர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலம்மா."

"நான் பாத்தேன் சார். அளந்தேன். வரைஞ்சிருக்கேன்."

"நீ பாத்திருப்ப. நான் இல்லன்னு சொல்லல. நான் பாக்கலன்னு சொல்றேன்."

"நீங்க சொன்னதாலதான் அந்த மரத்துக்கு இப்படி ஆச்சு. இதுக்காவது நம்புங்க."

 அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பிளேடைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினார்.

"என் தப்புக்குப் பரிகாரமா ஒனக்கு ஒரு சிற்றினம் குடுக்க முடியாது வாசுகி. அப்புறம் அந்தப் பேரு பரிகாரத்துக்கு வச்ச பேராத்தான் இருக்கும்" என்றார்.

என் படத்தை அவரிடம் காட்டவே இல்லை. அவரும் கேட்கவில்லை. பொட்டலத்தில் 'ரொசெல்லா' பென்சிலிலேயே நின்றது. பக்கத்து இடம் அப்படியே.

அடுத்த வருடம் அந்தப் பக்கம் முழுவதும் இறால் பண்ணைகள் வந்துவிட்டன. ராத்தாவின் கணவர் திரும்பி வந்து, கொல்லையையும் சேர்த்துப் பண்ணைக்காரர்களிடம் விட்டுவிட்டார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கரைகளை உயர்த்திக் குளங்கள் வெட்டியிருந்தார்கள். தண்ணீரில் சக்கரங்கள் நுரை கிளப்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. பூவரசு வரிசை நின்ற இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்பு பூசாமல் விட்டிருந்தாலும் அந்த மரங்கள் அத்தோடு போயிருக்கும். இதை நினைத்து மனம் ஆறலாம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கு ஆறவில்லை. இடையில் ஒரு தை இருந்தது. முதிர்ந்த பட்டனை எடுக்க அந்த ஒரு தை போதுமாயிருந்தது.

பேராசிரியர் ஓய்வு பெற்றார். போகிற அன்று என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், வழக்கம்போல வாயைத் திறக்காமல். என்ன தப்பு என்று நான் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு நகர்ந்து போய்விட்டார். அவருக்குப் பின் திட்டமும் இல்லை, புதுச் சேகரிப்பும் இல்லை. இருந்ததைப் பூச்சி அரிக்காமல் காப்பதுதான் என் வேலையாக இருந்தது. இந்த வருடம் அதையும் வடக்கே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கியவள் நான்தான். அறையில் வேறு யாரும் இல்லை. ராத்தா வீட்டுப் பொட்டலம் கைக்கு வந்தபோது பையில் பேனா இருந்தது. ஒரு சொல் எழுதினால் போதும். கேட்க ஆள் இல்லை.

எழுதவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் இல்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பார்த்தது நிஜம். அந்த நிஜத்தைத் திருட்டுத்தனமாக எழுத என் திமிர் இடம் கொடுக்கவில்லை. அப்படியே அடுக்கி, பெட்டியை ஆணியடித்து அனுப்பிவிட்டேன்.

அந்த மாணவிகள் கேட்ட சந்தோஷம் இதில் இல்லை. விருப்ப ஓய்வுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் துறையில் அலுவலக வேலை ஒன்று தருவதாகவும் நிர்வாகம் சொன்னது. வேண்டாம் என்றுவிட்டேன். கடலோரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து, பஜார் தெருவில் ஒரு மாடி அறையும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்காரர் ஒருவருடைய படகில் வாய்க்கால் வழியாகத் தோப்பு தோப்பாகப் போகிறேன். எல்லாம் மாவு உதிர்கிற சாதாரண ரொசெல்லாதான். பல தோப்புகளில் அதுவும் இல்லை.

போன ஞாயிறு, ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஒரு புளியமரத்தில் ஒரே ஒரு கொத்து பார்த்தேன். ஓரத்தில் மாவு இல்லை. நாரெல்லாம் பழுப்புப் பட்டன், இன்னும் திறக்காமல். மழை இனிமேல்தான். ஒரு நாரைக்கூட எடுக்காமல் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார், அவர் மனைவி நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, பூஞ்சையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தேய்க்கக் கூடாது, வெட்டக் கூடாது, மருந்தடிக்கக் கூடாது, தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்றேன்.

"அப்ப நாங்க அதுக்கு ஒண்ணுமே செய்யக் கூடாதா?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமே செய்யக் கூடாதுங்க."

அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா இருக்கறதுதான் டீச்சர் எங்களுக்கு வராது."

தை பிறந்ததும் வருகிறேன், என்கூடச் சேர்ந்து பார்க்க இன்னொரு டீச்சரும் வருவார் என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினேன்.